தேரிக்கு நேர்ந்துவிட்ட கிடா

பிப்ரவரி 12, திங்கள்

புது டைரி. அதனால் முறையாக ஆரம்பிக்கிறேன். மங்கையர்க்கரசி, கால்நடை மருத்துவர், வயது இருபத்தொன்பது, சொந்த ஊர் திருவையாறு பக்கம். கொல்லையில் வாய்க்கால் ஓடும் வீட்டில் பிறந்தவளை உடன்குடியில் ஒரு மாடி அறையில் கொண்டுவந்து போட்டிருக்கிறார் சடகோபன் சார். அவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி.

வேலை இதுதான். இங்கே செம்மணல் தேரி இருக்கிறது. நம் மாநிலத்துப் பாலைவனம் என்றே சொல்லலாம். அதற்குள் மேய்கிற வெள்ளாடுகள் அந்த வெயிலைத் தாங்குகின்றன. எங்கள் ஊர் ஆட்டை விட்டால் ஒரு வாரத்தில் சுருண்டுவிடும். தலைமுறை தலைமுறையாக இவற்றின் ரத்தத்தில் ஏதோ சேர்ந்திருக்கிறது. அது எந்த மரபணு என்று கண்டுபிடிக்க மூன்று ஊர், ஊருக்கு அறுபது ஆடு, மொத்தம் நூற்றெண்பது குழாய் ரத்தம் வேண்டும். ஜூன் கடைசிக்குள் முடியாவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு காலாவதி ஆகிவிடும்.

சார் வழியனுப்பும்போது வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. ஒரு குழாயில் ஏமாற்று தெரிந்தாலும் நூற்றெண்பதும் குப்பைக்குத்தான் என்றார். யாரிடம் சொல்கிறார்! டிபன் பாக்ஸுக்கே பெயர் எழுதி ஒட்டுகிறவள் நான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

முதல் ஊர் ஏழுபனைவிளை. ஜீப் ஓட்டவும் ஆடு பிடிக்கவும் சவரிமுத்து அண்ணன். கடற்கரை ஊர்க்காரர். மீனைப் பிடிப்பதுபோலவே ஆட்டையும் பிடிக்கிறார், அதுவும் நழுவுகிறது.

ஒன்பது ஆட்டிடம் ரத்தம் எடுத்தேன். எடுத்த ஆட்டின் கொம்பில் பச்சை பெயின்ட் ஒரு தீற்று. ஒரே ஆட்டை இரண்டு தடவை குத்திவிடக் கூடாதே என்று என் சொந்த ஏற்பாடு.

மத்தியானம் இசக்கியம்மன் கோயில் முன்னால் ஒரு கிடா வந்து நின்றது. கன்னங்கரேல் என்று, முகத்தில் இரண்டு செம்பட்டைக் கோடு. கட்டுக் கிடையாது, பட்டி கிடையாது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவாம். குட்டியிலேயே இடது காதைக் கிழித்துத் தேரிக்குள் விட்டுவிடுவார்கள். தீனியும் தண்ணீரும் அதன் பாடு. கொடை விழா வரும்போது வெட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் பொங்கல் சோற்றுக்கு ஊருக்குள் வரும் என்றார் பூசாரி பேச்சிமுத்து அண்ணாச்சி.

மணி இரண்டு, மணல் கொதிக்கிறது. மற்ற ஆடுகளுக்கு நிமிஷத்துக்கு எழுபது மூச்சு, இவனுக்கு முப்பது. எனக்கு நாற்பத்திரண்டு, எண்ணிப் பார்த்தேன். உடல் வெப்பம் 102.4 டிகிரி, ஆட்டுக்கு அது சாதாரணம், ஏதோ மார்கழி மாதம் மாதிரி. பல்லைப் பார்த்தால் வயது ஒன்பதாவது இருக்கும். பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் அண்ணாச்சி பதறிவிட்டார். சாமி கிடாவின் மேல் மஞ்சள் தவிர எதுவும் படக்கூடாதாம். சரி என்று விட்டுவிட்டேன். குழாய் எண் 10.

கொடை எப்போது என்று கேட்டேன். கோயில் வேலை பாக்கி இருக்கிறது, அடுத்த வருஷம் என்றார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஐந்து ஆடு. ஒரு கடி. கடித்தது ஆடு அல்ல, ஆட்டுக்காரரின் நாய்.

மார்ச் 1, வெள்ளி

இரண்டாம் ஊர், செங்கிணறு. பூசாரி பெயர் பலவேசம், மீசை முக்கால் முகம். இங்கே சுடலைமாடனுக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வருமாம். கறுப்பு, முகத்தில் செம்பட்டைக் கோடு, இடது காது கிழிசல். தேரிக்கிடா எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றன.

வெப்பம் 102.4! மூச்சு முப்பது! ஏழுபனைவிளைக் கிடாவுக்கு இருந்த அதே எண்கள். ஊர் வேறு, கிடா வேறு, தாங்கும் சக்தி ஒன்று. மரபணு என்றால் இதுதான் மரபணு. ஜீப்பில் திரும்பும்போது பாடினேன். சவரிமுத்து அண்ணன் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று இறங்கிப் பார்த்தார்.

குழாய் எண் 77. மஞ்சள் மட்டும்தான், பெயின்ட் கூடாது. இங்கேயும் கொடை அடுத்த வருஷம்தான். முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு குடும்பத்துக்குள் தகராறாம்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாம் ஊர், புதுமணல்குடி. முண்டன்சாமிக்கு நேர்ந்த கிடா, ஞாயிற்றுக்கிழமை வரும். பூசாரி சிவனணைந்தான், ஒல்லி, பேச்சுக் குறைவு. கொடை? அடுத்த வருஷம்தான். ஊரில் ஒரு பெரிய சாவு விழுந்துவிட்டதாம்.

இந்தக் கிடா என்னைக் கண்டதும் ஓட்டமெடுத்தது. பையைத் திறக்கவில்லை, ஊசியை எடுக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே ஓடுகிறது. அப்படி என்ன இருக்கிறது என் முகத்தில்? முக்கால் மணி நேரம் துரத்திப் பிடித்தோம். "இவன் நம்மள முன்னமே பாத்தவன் மாரில்லா பாக்கான்" என்றார் சவரிமுத்து அண்ணன். ஆட்டுக்கு ஞாபகம், உங்களுக்குக் கற்பனை, இரண்டும் வேண்டாம், கொம்பை இறுக்கிப் பிடியுங்கள் என்று சத்தம் போட்டேன்.

வெப்பம் 102.4. மூன்றாவது தடவை! சாருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். மூன்று ஊர், மூன்று கிடா, ஒரே தாங்குதிறன், என் ஆராய்ச்சிக்கு இதுவே மகுடம் என்று எழுதி, மகுடம் என்ற சொல்லின் கீழ் கோடும் போட்டேன். குழாய் எண் 143.

மார்ச் 29, வெள்ளி

நூற்றெண்பதும் முடிந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பியாகிவிட்டது. அறை வீட்டுக்காரர் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார். கால் கிலோவையும் நானே தின்றேன்.

ஏப்ரல் 22, திங்கள்

சார் போன் செய்தார். மரபணுச் சோதனை முடிந்ததாம். குழாய் 10, 77, 143 மூன்றிலும் ஒரே ஆட்டின் ரத்தம்.

சொந்தக்கார ஆடுகளாக இருக்கலாம் என்றேன். சொந்தம் வேறு, ஒன்று வேறு, அது தெரியாமல் நீ எதற்கு டாக்டர் என்றார். மூன்று ஊரில் மூன்று கிடாவிடம் என் கையால் எடுத்தேன் என்றேன். "ஒரு கிடாவிடம் எடுத்து மூன்று லேபிள் ஒட்டியிருக்கிறாய். இந்த மூன்றில் செய்தவள் மற்றதில் செய்யவில்லை என்று நான் எப்படி நம்புவது?"

மே 14 செவ்வாய்க்கிழமை அவரே வருகிறார். ஏழுபனைவிளையில் கால்நடை முகாம் போட்டு, மூன்று ஊர்க் கிடாவையும் ஒரே இடத்தில் நிறுத்தி, அவர் கண் முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். கதை ஒத்துவரவில்லை என்றால் நூற்றெண்பதும் குப்பை. நானும்தான்.

தேரிக் காற்று மாடி வரைக்கும் வருகிறது. கண்ணில் மணல். சாயங்காலம் முழுக்க மணல்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று நான் செய்ததை எங்கள் அம்மாவிடம் சொன்னால் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

காலையில் புதுமணல்குடியில் கிடா பொங்கல் தின்றுவிட்டுத் தேரிக்குள் நடந்தது. நான் பின்னாலேயே நடந்தேன். உள்ளே போய் மற்ற இரண்டு கிடாவோடு சேரும், மூன்றையும் ஒன்றாகப் படம் எடுத்துவிடலாம் என்று கணக்கு. சவரிமுத்து அண்ணன் குடையும் நாலு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டார். கிடா ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணி நேரம்! செருப்பு போட்ட காலே வெந்தது. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் காலி. அவன் வழியில் உடைமரத்து நெற்று நாலு கடித்தான், கொல்லாமரத்து (முந்திரிக்கு இங்கே அதுதான் பெயர்) நிழலில் பத்து நிமிஷம் நின்றான், திரும்பி எங்களைப் பார்த்தான், மறுபடி நடந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அவனுடைய உடம்பு எனக்கு ஒரு மத்தியானத்துக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு பனைக்கூட்டத்தின் கீழ் போய்ப் படுத்தான். எண்ணினேன். ஏழு பனை. "ஏழுபனவிளையில்லா இது!" என்றார் அண்ணன்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறு முண்டன், செவ்வாய் இசக்கி, வெள்ளி சுடலை. மூன்று கிடா இல்லை. ஒரே களவாணி, மூன்று ஊரில் சாப்பாடு. ஒரே ஆட்டை இரண்டு தடவை குத்தக் கூடாது என்று பெயின்ட் டப்பாவோடு அலைந்தவள், மூன்று தடவை குத்தியிருக்கிறேன். சிரிப்பு அடக்க முடியவில்லை. சார் பார்த்த ரத்தம் உண்மையைச் சொல்லியிருக்கிறது, நானும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன். இதைப் பூசாரிகள் வாயால் சாரிடம் சொன்னால் போதும், தப்பித்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

தப்பிக்கவில்லை.

பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னதும் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப் போனார். ஊர்க் கிணறு உப்பாகிவிட்ட வருஷம் அம்மனுக்குக் குட்டி நேர்ந்துவிட்டார்களாம். தண்ணீர் நல்லதாக மாறியது. ஆனால் குட்டி மூன்றாம் மாதமே தேரிக்குள் செத்துக் கிடந்தது. பார்த்தவர் இவர் ஒருவர்தான், யாரிடமும் சொல்லாமல் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து புதைத்துவிட்டார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காது கிழிந்த கறுப்புக் கிடா ஒன்று தானாக வந்து நின்றது. நம்ம குட்டி வளர்ந்துவிட்டது என்று ஊரே குலவை போட்டது. இவர் வாயை மூடிக்கொண்டார்.

"குட்டி செத்துச்சுன்னு தெரிஞ்சா, அம்மன் நேர்ச்சைய ஏத்துக்கிடலன்னு சொல்லுவாவ. இத்தன வருசத்துல ஊர்ல நடந்த கெட்டது எல்லாம் என் தலையிலதான் விடியும். வெளிய சொல்லிராதீங்கம்மா."

வேறொருவர் கிடாவை எப்படி வெட்டுவது என்றுதான் கொடையைத் தள்ளிக்கொண்டே போகிறாராம். கையைப் பிடித்துக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். மடச்சி, மடச்சி, மடச்சி.

மே 4, சனி

செங்கிணறு பலவேசத்தின் குட்டியை நரி தூக்கிப்போய்விட்டதாம். இவ்வளவு பெரிய மீசைக்குக் கண்ணீர் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் சத்தியம்.

புதுமணல்குடி சிவனணைந்தானுடையதுதான் நிஜக் கிடா. மூன்று ஊரும் விட்ட மூன்று குட்டியில் தேரியைத் தாங்கியது இந்த ஒன்றே ஒன்று. அவராவது தலை நிமிர்ந்து பேசுவார் என்று போனால், அவருக்கு வேறு பயம். தன் கிடா அடுத்த கோயில்களில் போய்ச் சோறு தின்பது அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அடுத்த சாமி சோறு தின்ற கிடாவை முண்டனுக்கு வெட்டினால் தெய்வக்குற்றம். வெட்டாமல் விட்டால் ஊர் கேட்கும். அதனால் வருஷா வருஷம் ஒரு சாக்கு. ஒருவர் ரகசியம் அடுத்தவருக்குத் தெரியாது. மூன்று பேரும் தான் ஒருவன்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மூன்றாவது சத்தியமும் செய்தேன். என் வாயை யாராவது தைத்துவிட்டால் நல்லது.

மே 9, வியாழன்

சார் பஞ்சாயத்து வழியாக அறிவிப்பு அனுப்பிவிட்டார். மூன்று ஊர் நேர்ச்சைக் கிடாவும் செவ்வாய் காலை பத்து மணிக்கு முகாமுக்கு வர வேண்டும். மூன்று ஊரிலும் தண்டோரா போடாத குறை. இட்லி இறங்கவில்லை. சூடாக இருந்தது, அதனால்.

மே 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இசக்கியம்மன் கோயில் முன்னால் மூன்று ஊர் ஜனமும் கூடிவிட்டது. சடகோபன் சார் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் பேச்சிமுத்து அண்ணாச்சி ஒரு கறுப்புக் கிடாவை இழுத்துக்கொண்டு வந்தார். அடுத்து பலவேசம், ஒரு கறுப்புக் கிடா. அப்புறம் சிவனணைந்தான், அவரும் ஒரு கறுப்புக் கிடா! செவ்வாய்க்கிழமை அவருடைய நிஜக் கிடா ஏழுபனைவிளைப் பக்கம் அல்லவா இருக்கும், பாவம் அவரும் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார். மூன்றுக்கும் உடம்பெல்லாம் மஞ்சள். மூன்றுக்கும் இடது காது கிழிசல், இன்னும் ஈரம் காயாத கிழிசல்.

ஊர் ஜனம் கிடாக்களைப் பார்த்தது, பூசாரிகளைப் பார்த்தது, மறுபடி கிடாக்களைப் பார்த்தது.

சார் ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்தார். எல்லாம் இரண்டு பல், ஒன்றரை வயது. என் குறிப்பேட்டில் மூன்றுக்கும் ஒன்பது வயது என்று எழுதியிருக்கிறேன். தொப்பியைக் கழற்றினார்.

"மூன்றும் வேறு வேறு கிடா. ஒன்றுகூட நீ எழுதினது இல்லை. அப்படியென்றால் நீ எழுதினது எல்லாம் அறையில் உட்கார்ந்து எழுதினது. என்ன சொல்கிறாய், மங்கை?"

சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னால் மூன்று பேரும் அவரவர் ஊர் முன்னால் தலை குனிய வேண்டும். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கிடாவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்வதற்கில்லை சார் என்றேன். சரி, நூற்றெண்பதையும் தள்ளிவிடுகிறேன் என்று சார் எழுந்தார். நான் பையை மடிக்க ஆரம்பித்தேன். ஜிப் மாட்டிக்கொண்டது.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க."

பேச்சிமுத்து அண்ணாச்சி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நடுவில் வந்து நின்றார். ஊரைப் பார்த்துப் பேசினார், சாரைப் பார்த்து இல்லை.

"இது சாமி கிடா இல்ல. நேத்து வாங்கினது. நம்ம குட்டி அன்னைக்கே செத்துப்போச்சு, நான்தான் பொதச்சேன். இங்க வாரது எந்த ஊருக் கிடாவோ எனக்குத் தெரியாது. இந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் எனக்காண்டி வாயத் தொறக்காம நிக்கி. என்ன செய்யணுமோ என்னையச் செய்யுங்க."

பலவேசம் அவரை முறைத்துப் பார்த்தார். "ஏன்வே, ஒம்ம குட்டியுமா?" என்றார். சிவனணைந்தான் தலையில் கை வைத்துக்கொண்டு, அது எங்க கிடாவே, ஒங்க ரெண்டு வீட்டுச் சோத்தையும் தின்னு கெட்டுப்போன கிடா என்றார். அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சார் மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஊர் என்ன சொல்லப்போகிறதோ என்று ஜனத்தைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் மனைவி சொர்ணத்தக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்குத் தெரியாதாக்கும்? நீங்க பொதச்ச எடத்துலதான நான் முருங்க வச்சேன். கொல்லாங்கொட்டை பொறுக்கப் போற பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தெரியும், இவன் வெள்ளிக்கிழம எங்க நிக்கான், ஞாயித்துக்கெழம எங்க நிக்கான்னு. நீங்க சங்கடப்படுவியன்னுதான் கேக்கல."

மூன்று ஊர்ப் பெண்களும் தலையாட்டினார்கள். கிணத்துத் தண்ணி நல்லாத்தான இருக்கு, அம்மன் ஏத்துக்கிடாமலா என்று ஒருத்தி கேட்டாள். அதற்குப் பிறகு சிரிப்புதான். அண்ணாச்சி சிரிக்கவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்தக் கூட்டத்துக்குள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான ஆள் வந்தான். பொங்கல் பானைப் பக்கம் நடந்தவன் என்னைக் கண்டான், திரும்பி ஒரே ஓட்டம். சடகோபன் சார் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐம்பது பேர் சேர்ந்து பிடித்தோம். சார் தன் கையாலேயே ரத்தம் எடுத்தார், குழாய் எண் 181. மனுஷர் எதையும் விடமாட்டார், கூட வந்த மூன்று போலிக் கிடாவிடமும் எடுத்தார். 182, 183, 184. சோதனை முடிவு வரட்டும், அதுவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று ஜீப்பில் ஏறினார்.

மே 21, செவ்வாய்

இனிமேல் அந்தக் கிடாவை யாரும் வெட்டுவதில்லை என்று மூன்று ஊரும் பேசி முடித்துவிட்டார்கள். மூன்று சாமிக்கும் பாத்தியப்பட்டதை ஒரு சாமிக்கு எப்படிக் கொடுப்பது? அந்த மூன்று இளங்கிடாவும் காது கிழிந்துவிட்டதால் நேர்ச்சையில் சேர்ந்துவிட்டன, தேரிக்குள் விட்டுவிட்டார்கள். மற்றதைத் தேரி பார்த்துக்கொள்ளும்.

நான் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நகம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

வந்துவிட்டது!

10, 77, 143, 181 நாலும் ஒரே கிடா. இரண்டு குழாயைக் கழித்துவிட்டு நூற்றெழுபத்தெட்டும் செல்லும். சார் போனில் இதையெல்லாம் வாசித்தார். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மங்கை, தப்பு என்னுடையது என்றார். பரவாயில்லை சார் என்றேன். பரவாயில்லை என்பது பொய். ஆனால் சந்தோஷம் நிஜம், படிக்கட்டில் இரண்டு தடவை இறங்கி ஏறினேன்.

அப்புறம்தான் இன்னொன்று சொன்னார். 182, 183, 184. அந்த மூன்று போலிக் கிடாவையும் மூன்று பேரும் மூன்று இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். மூன்றுமே அவனுடைய பிள்ளைகள். நூற்றெழுபத்தெட்டிலும் பாதிக்கு மேல் அவன் வாரிசுதானாம். அதையே ஒரு தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார். தேரி தாங்கிய ஒருத்தன், இத்தனை வருஷத்தில் தேரி முழுக்கத் தன் ரத்தத்தை நிரப்பியிருக்கிறான்.

உடனே பேச்சிமுத்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மரபணு, சோதனை என்று ஆரம்பித்து, அவருக்குப் புரியாததால், முகாமுக்கு நீங்கள் மூன்று பேரும் இழுத்துக்கொண்டு வந்தீர்களே, அது மூன்றும் சாமி கிடாவின் சொந்தப் பிள்ளைகள் அண்ணாச்சி என்று சொன்னேன்.

"அப்பம் நாங்க கொண்டாந்ததும் பொய்யில்லம்மா" என்றார்.

இல்லை அண்ணாச்சி என்றேன்.